25 கேள்வி, மூன்று பேனா: மலைக் குடும்பங்களில் எஸ்.டி.கியூ படிவம்

"பையன் சொன்ன பேச்சே கேக்கிறதில்ல" என்ற புகாரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. யார் சொன்னால் கேட்பதில்லை, எந்த வேளையில், எவ்வளவு நேரம், எத்தனை மாதமாக என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அது வயசுக்கேற்ற சேட்டையா, கவனிக்க வேண்டிய சிரமமா என்று பிரிக்கலாம். இதை ஒழுங்காகக் கேட்டறிய உலகம் முழுக்கப் புழங்கும் தாள் எஸ்.டி.கியூ (பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் வினாப் பட்டியல்). பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்டது. தமிழிலும் இருக்கிறது. இணையத்தில் இறக்கி அச்செடுத்துக்கொள்ளக் காசு கிடையாது; ஜெராக்ஸ் செலவு மட்டும்தான். கேள்விகளை மாற்றவோ, உரிமையாளர் அனுமதி இல்லாமல் செயலியாகவோ கணினிப் படிவமாகவோ ஆக்கவோ கூடாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள வீடுகளில் இந்தத் தாள் எந்த அளவுக்கு உதவும், எங்கே தடம் மாற்றிவிடும் என்று பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருவி நல்ல கருவி. ஆனால் ஒரே ஆள் நிரப்பி, கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தால் அதன் பயனில் பெரும்பகுதி போய்விடும். ஒரே பிள்ளையைப் பற்றி அம்மா, பாட்டி, டீச்சர் மூவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். மூன்று தாளும் எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லையோ அங்கிருந்துதான் குடும்பத்துக்குள் நடப்பது தெரியத் தொடங்கும்.

தாளில் 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயம் உண்மை என்று மூன்று கட்டங்கள். கடந்த ஆறு மாதத்தை மனதில் வைத்து டிக் போட வேண்டும். ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐந்து வாக்கியம். மனக்கலக்கம் (3, 8, 13, 16, 24), நடத்தைச் சிக்கல் (5, 7, 12, 18, 22), துறுதுறுப்பும் கவனச் சிதறலும் (2, 10, 15, 21, 25), சக பிள்ளைகளோடு சிக்கல் (6, 11, 14, 19, 23), அடுத்தவர்மேல் அக்கறை (1, 4, 9, 17, 20). பெற்றோர், ஆசிரியர் நிரப்பும் தாள் 4 முதல் 17 வயது வரைக்கும் உண்டு. 2 முதல் 4 வயதுக்குத் தனித் தாள். அந்தச் சின்னவர் தாளில் பொய், திருட்டு பற்றிய வாக்கியங்களுக்குப் பதிலாகப் பெரியவர்களோடு வாதாடுவது, வன்மம் காட்டுவது பற்றி இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரிய பிள்ளைகளின் தாளைக் கொடுத்தால் பதிலுக்கு அர்த்தம் இருக்காது. 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பும் தாளும் உண்டு.

மதிப்பெண் போடுவது சுலபம். உண்மையில்லை என்றால் 0, ஓரளவு என்றால் 1, நிச்சயம் என்றால் 2. சிக்கல் வருவது 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்து வாக்கியங்களில். இவை நல்ல குணத்தைச் சொல்பவை: சொன்னபடி நடப்பது, ஒரு நல்ல நண்பனாவது இருப்பது, மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்தவனாக இருப்பது, யோசித்துச் செய்வது, எடுத்த வேலையை முடிப்பது. இவற்றுக்கு மட்டும் தலைகீழாக 2, 1, 0 என்று போட வேண்டும். மறந்துவிட்டால் கூட்டுத்தொகை 10 வரை பிசகும். லேசான சேட்டை மட்டும் உள்ள பிள்ளைகூடக் கவலைப்பட வேண்டிய எண்ணிக்கையில் வந்து நிற்கும். இன்னொரு பிசகு, அக்கறைப் பிரிவையும் சேர்த்துக் கூட்டிவிடுவது. மொத்தச் சிரமம் என்பது முதல் நான்கு பிரிவுகளின் 20 வாக்கியங்கள் மட்டும், 0 முதல் 40 வரை. ஐந்தாவதையும் கூட்டினால் தம்பி தங்கையை அன்பாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் அதிக மதிப்பெண் வரும். ஒரு பிரிவில் ஒன்றிரண்டு கட்டம் காலியாக இருந்தால் பரவாயில்லை. ஐந்தில் மூன்றுக்காவது பதில் இருந்தால் விகிதப்படி ஏற்றிக்கொள்ளலாம்: நான்கு பதிலுக்கு 6 என்றால், ஐந்துக்கு ஏழரை, அதாவது 8.

பெற்றோர் தாளில் மொத்தம் 13 வரை இயல்பு, 14 முதல் 16 வரை எல்லைக்கோடு, 17-லிருந்து அதிகம். ஆசிரியர் தாளில் 11 வரை இயல்பு, 12 முதல் 15 வரை எல்லைக்கோடு, 16-லிருந்து அதிகம். பிள்ளையே நிரப்பினால் 15 வரை இயல்பு, 16 முதல் 19 வரை எல்லைக்கோடு, 20-லிருந்து அதிகம். பிரிவு வாரியாகப் பெற்றோர் தாளில் மனக்கலக்கம் 5, நடத்தை 4, துறுதுறுப்பு 7, சக பிள்ளைகள் 4 என்ற எண்ணைத் தொட்டால் அதிகம். அக்கறையில் மட்டும் 4-க்குக் கீழே இறங்கினாலும் 4-இலேயே நின்றாலும் கவனிக்க வேண்டும். இந்தக் கோடுகள் பிரிட்டன் பிள்ளைகளை வைத்து, ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் 'அதிகம்' பகுதியில் விழும்படி போடப்பட்டவை. தேயிலைத் தோட்ட லயனில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளரும் பிள்ளைக்கு 16-க்கும் 17-க்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதாக நினைக்கக் கூடாது. எண் அதிகமாக இருந்தால் இன்னும் உற்றுப் பார் என்று பொருள். நோயின் பெயர் எதுவும் இந்தத் தாளில் கிடையாது.

நிரப்ப வைக்கும் முறையில்தான் பாதி வேலை இருக்கிறது. மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் மூன்று தாளிலும் ஒரே கை பேசும். மாமியார் பக்கத்தில் இருக்கையில் மருமகள் போடும் டிக் அவளுடையது ஆகாது. பிள்ளை காதில் விழும் தூரத்தில் படிக்கவே கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டலாம். வாக்கியத்தை உள்ளபடி வாசித்து மூன்று பதிலையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். "அன்னிக்கு அடிச்சானே பாட்டி, அதைச் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்தால் அது வாசிப்பவரின் தாளாகிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் வீட்டில் மலையாளமோ பணியர் மொழியோ பேசுவார்கள். படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) படுகு மொழி. அச்சிட்ட எழுத்துத் தமிழ் அந்தப் பாட்டிகளுக்கு அந்நியமாக இருக்கும். அந்த மொழி தெரிந்த, ஆனால் குடும்பத்தைச் சேராத ஒருவர் வாசிப்பது நல்லது. அத்தையோ மாமாவோ வாசித்தால் பாட்டி அவருக்குப் பதில் சொல்வார், தாளுக்குச் சொல்லமாட்டார்.

யார் நிரப்பலாம் என்பதிலும் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. அம்மா காலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பி மாலையில் திரும்புவார். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டுக் காடு, நீலகிரியில் கேரட் அறுவடை என்று விடியுமுன்னே கிளம்பும் வீடுகளும் உண்டு. சீசன் மாதமான ஏப்ரல், மேயில் டாக்சி ஓட்டும் அப்பா பிள்ளையைத் தூங்குகையில் மட்டும் பார்ப்பார். அவரிடம் தாளைக் கொடுத்தால் "நல்ல பையன்தான்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் கோடு போட்டுவிடுவார். பொய் சொல்கிறார் என்று இல்லை. அவர் பார்த்த நேரத்தில் பிள்ளை நல்ல பிள்ளைதான். பகலில் உண்மையாகக் கூட இருப்பவர் பாட்டியோ பெரியம்மாவோ என்றால் அவர் தாள் கட்டாயம் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் மட்டும் பார்க்கும் பெற்றோரின் ஆறு மாதக் கணக்கு செல்லாது. அங்கே விடுதிப் பொறுப்பாளருக்கு ஆசிரியர் தாளையே கொடுத்து நிரப்ப வைக்கலாம்.

சில வாக்கியங்கள் மலையில் வேறு பொருள் கொள்ளும். இங்கே கவனம் இல்லாமல் கூட்டினால் தாள் நேராகப் பொய் சொல்லும். 24-ஆவது பயத்தைப் பற்றியது. யானை நடமாடும் பந்தலூர் வழியிலோ, காட்டெருமை தேயிலைக்குள் நிற்கும் கோத்தகிரிப் பக்கத்திலோ, இருட்டிய பிறகு வெளியே கழிப்பறைக்குப் போகப் பயப்படும் பிள்ளைக்கு மனக்கலக்கம் இருக்கிறது என்று எழுதுவது அநியாயம். அந்தப் பயம் அவனுக்குத் தேவையானது. நிரப்பிய பிறகு "எதுக்குப் பயப்படுறான்?" என்று ஒரு வரி ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில், வீட்டுக்குள், அம்மா பக்கத்தில் இருந்தும் பயந்தால் அது வேறு. 3-ஆவது தலைவலி, வயிற்றுவலி, குமட்டல். தினமும் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் போய்வரும் பிள்ளை வாந்தி எடுப்பது வளைவால் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வலி வருகிறதா என்று கேட்டால் பாதி தெளியும். ரத்தசோகை, குடற்புழு இரண்டையும் மருத்துவர் பார்த்து நீக்கிய பிறகே இந்த வாக்கியத்துக்கு எடை கொடுக்கலாம். 23-ஆவது, சிறுவர்களைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுவது. சுற்றிலும் வயதுக்கு ஒத்த பிள்ளையே இல்லாத ஒற்றை வீட்டில் தாத்தா பாட்டியோடு வளர்ந்தவன் வேறு யாரோடு பழகுவான்? 22-ஆவது எடுத்துக்கொள்வது பற்றியது. பக்கத்து வீட்டு மரத்துப் பிளம்ஸும் பேரிக்காயும் பறித்துத் தின்பதை இதில் சேர்த்துவிடும் பெரியவர்கள் உண்டு. காசு, பேனா, அடுத்தவர் பையிலிருந்து எடுப்பது என்று தெளிவாக்காமல் 2 போடக் கூடாது. மழை மாதத்தில் நிரப்பினால் 2-ஆவதும் 10-ஆவதும் ஏறும். வாரக்கணக்கில் மழையும் பனிமூட்டமுமாக ஒற்றை அறை வீட்டுக்குள் அடைபட்ட ஏழு வயதுப் பிள்ளை நெளியாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

தாளின் பின்பக்கத்தைப் பலர் ஜெராக்ஸே எடுப்பதில்லை. முன்பக்கத்தைவிட அது முக்கியம் என்பது எங்கள் கருத்து. சிரமம் இருக்கிறதா, எத்தனை நாளாக (ஒரு மாதத்துக்குள், 1 முதல் 5 மாதம், 6 முதல் 12 மாதம், ஒரு வருடத்துக்கு மேல்), பிள்ளைக்கு அது வேதனை தருகிறதா, வீடு, நட்பு, படிப்பு, விளையாட்டு ஆகிய நான்கில் குறுக்கிடுகிறதா, குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறதா என்று கேட்கிறது. வேதனையும் அந்த நான்கும் மட்டும் கணக்கில் வரும்: இல்லவே இல்லை, கொஞ்சம் என்பவற்றுக்கு 0, ஓரளவு நிறைய என்றால் 1, மிக அதிகம் என்றால் 2. பெற்றோர் தாளில் மொத்தம் 10. 1 வந்தால் எல்லைக்கோடு, 2 வந்தாலே கவனம் வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு பாரம் என்ற இரண்டையும் கூட்டக் கூடாது, படித்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் 18 வந்து பின்பக்கம் 0 வரும் பிள்ளைகள் உண்டு: சேட்டைக்காரன், ஆனால் யாருக்கும் எதுவும் நின்றுபோகவில்லை. முன்பக்கம் 12, பின்பக்கம் 5 வருபவர்களும் உண்டு. அவர்களைத்தான் கூட்டுத்தொகை பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள். பாரம் மட்டும் மிக அதிகம், மற்றதெல்லாம் கொஞ்சம் என்று அம்மா போட்டிருந்தால், முதலில் உதவி தேவைப்படுவது அவருக்கு. மனச்சோர்வில் இருக்கும் தாய் பிள்ளையின் சிரமத்தைக் கூடுதலாக மதிப்பிடுவதுண்டு. அதைத் தவறான பதில் என்று தள்ளினால் அந்த வீட்டின் முக்கியமான செய்தியைத் தள்ளியதாகிவிடும்.

இப்போது மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு, நான்காம் வகுப்புப் பையன். அம்மா தாளில் மனக்கலக்கம் 2, நடத்தை 5, துறுதுறுப்பு 8, சக பிள்ளைகள் 2, மொத்தம் 17. பாட்டி தாளில் 1, 1, 5, 2, மொத்தம் 9. டீச்சர் தாளில் 1, 1, 5, 1, மொத்தம் 8. அம்மா மிகைப்படுத்துகிறார் என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். பாட்டி பார்ப்பது பள்ளி விட்டு வந்த பிறகான இரண்டு மணி நேரம், சாப்பாடும் விளையாட்டும். அம்மா பார்ப்பது இருட்டிய பிறகு: வீட்டுப்பாடம், குளியல், போனைப் பிடுங்குவது, தூக்கம். இரண்டு பேரும் உண்மையே சொல்கிறார்கள். வேறு வேறு மணி நேரத்தைச் சொல்கிறார்கள். அந்த மாலை நேரத்தைத்தான் அடுத்து உற்றுப் பார்க்க வேண்டும். மாறாக டீச்சர் தாள் உயர்ந்து வீட்டுத் தாள்கள் தாழ்ந்திருந்தால், முதலில் கண், காது, வாசிப்பு மூன்றையும் சோதியுங்கள். தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றிய வருடமா என்றும் கேளுங்கள். வீட்டுத் தாளிலும் டீச்சர் தாளிலும் துறுதுறுப்பு 7-ஐத் தொட்டால்தான் ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) பற்றிப் பேசத் தொடங்கலாம். அதற்கான அளவுகோலே அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பு தொடங்கி, இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்கிறது. பதின்வயதுப் பெண்பிள்ளைகளில் அடிக்கடி காண்பது வேறொன்று: பெற்றோர் தாள் இயல்பு, அவளே நிரப்பிய தாளில் மனக்கலக்கம் உச்சம். வீட்டில் அமைதியாக இருப்பவள் நலமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வதால் வருவது இது. அவள் தாளைப் பெற்றோரிடம் அப்படியே காட்டக் கூடாது. எதைச் சொல்லலாம், எதை வேண்டாம் என்று அவளிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இந்தத் தாளின் பெரிய குறை, குடும்பத்தைப் பற்றி இதில் ஒரு கேள்வியும் கிடையாது. குடி, சண்டை, அடி, கடன், யாரோடு தூங்குகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான், போன் எவ்வளவு நேரம், படுக்கையில் சிறுநீர் போவது எதுவும் இல்லை. தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் இல்லை. பேச்சு வராததும், கண் பார்த்துப் பழகாததும் இதில் பிடிபடாது. ஆட்டிச அறிகுறியைப் பார்க்க 16 முதல் 30 மாதக் குழந்தைக்கு 20 கேள்வி கொண்ட எம்-சாட் தாள் தனியாக உண்டு. ஆட்டிசத்துக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்கும்போது 40 அம்சங்கள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே எஸ்.டி.கியூவோடு ஒரு 40 பக்க நோட்டையும் சேர்த்தே வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் போதும். பக்கத்தை நான்காகக் கோடு போட்டு, நேரமும் இடமும் உடனிருந்தவர்களும், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, அதன் பின் பெரியவர்கள் செய்தது என்று எழுதச் சொல்லுங்கள். "அடம் பிடித்தான்" என்று எழுதினால் பயனில்லை. "தரையில் படுத்து 12 நிமிடம் கத்தினான், தட்டைத் தள்ளினான்" என்று கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். நாள் முழுக்க எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் நோட்டு காணாமல் போகும். மூன்று தாளும் முரண்படும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் போனில் குரலாகப் பதிந்து வைத்தாலும் சரி.

பெரும்பாலான நோட்டுகளில் கடைசிக் கட்டம்தான் விஷயத்தை உடைக்கும். அம்மா போனை வாங்குகிறார், பையன் கத்துகிறான், பக்கத்து லயன் வீட்டுக்குக் கேட்கும் என்று பாட்டி போனைத் திருப்பிக் கொடுக்கிறார், சத்தம் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான். கொடுத்தால் அமைதி வரும் என்று பாட்டியும் கற்றுக்கொண்டார். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் ஓரிகன் மாநிலத்தில் குடும்பங்களை வீட்டிலேயே உட்கார்ந்து கவனித்து விளக்கிய சுழற்சி இதுவே. லயன் வீடுகளில் சுவர் மெல்லியது, அக்கம்பக்கம் நெருக்கம். அதனால் விட்டுக்கொடுப்பது சீக்கிரம் நடக்கும். இங்கே பாட்டியைக் குற்றவாளி ஆக்கினால் அடுத்த வாரம் அவர் தாளும் வராது, நோட்டும் வராது. போன் எத்தனை மணிக்கு எங்கே வைக்கப்படும் என்று இருவரும் பேசி ஒரே முடிவாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் சில நாள் கத்தல் கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை அதையே இன்னும் ஓங்கிச் செய்து பார்க்கும். அதைச் சொல்லாமல் அனுப்பினால் மூன்றாம் நாள் போன் திரும்பிவிடும். 30 நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்று புதிய பாடமும் பதிந்துவிடும்.

சி.பி.சி.எல். (பிள்ளை நடத்தைப் பட்டியல்) என்ற பெரிய தாளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. ஏறத்தாழ நூறோ அதற்கு மேலோ கேள்விகள், 6 முதல் 18 வயதுக்கு ஒன்று, ஒன்றரை முதல் 5 வயதுக்கு ஒன்று. விவரம் நிறைய, பல சிக்கல்களைத் தனித்தனியே பிரிக்கும். ஆனால் ஒவ்வொரு தாளும் காசு கொடுத்து வாங்க வேண்டியது, பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த தாயால் அதை ஒரே மூச்சில் முடிப்பது சிரமம். கடைசிப் பக்கங்களில் எல்லாமே 'இல்லை' ஆகிவிடும். முதல் பார்வைக்கு எஸ்.டி.கியூ போதும். அதில் உயர்ந்தவர்களுக்கு மருத்துவமனையில் சி.பி.சி.எல். எடுக்கட்டும்.

காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. சாக வேண்டும் என்ற பேச்சு, தன்னை அறுத்துக்கொள்வது, வந்த பேச்சு நின்றுபோவது, சட்டென்று வெறித்துப் பார்த்து நினைவு தப்புவது, பாலியல் கொடுமை என்ற சந்தேகம் இவற்றில் எதுவானாலும் தாளையும் நோட்டையும் ஓரமாக வைத்துவிடுங்கள். மனநல உதவிக்கு 14416 டெலிமானஸ், குழந்தைகளுக்கு 1098, இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம்.

மற்றவர்களுக்கு நீலகிரியில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கொடைக்கானல் பக்கத்தவர்கள் திண்டுக்கல்லுக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ மலை இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பிள்ளை பஸ்ஸில் வாந்தி எடுத்துச் சோர்ந்திருப்பான். சோர்ந்த பிள்ளையை அங்கே பத்து நிமிடம் பார்த்து எதுவும் தெரியாது. நிரப்பிய மூன்று தாளும் இரண்டு வார நோட்டும் கையில் இருந்தால் அந்தப் பத்து நிமிடமே போதுமானதாகும். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. குழு பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இருமுறையும் வர வேண்டும். வரும் தேதியை டீச்சரிடம் கேட்டு, தாளை அவர்களிடமும் காட்டலாம். பரிந்துரைச் சீட்டு அங்கேயே கிடைத்தால் மலை இறங்கும்போது வரிசையில் அலைச்சல் குறையும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி நிரப்பும்போது தொடர்பார்வைத் தாளை எடுங்கள். அது ஆறு மாதத்தைக் கேட்காது, கடந்த ஒரு மாதத்தை மட்டும் கேட்கும். முதல் தாளையே மறுபடி கொடுத்தால் பழைய மூன்று மாதமும் உள்ளே கலந்துவிடும். முதலில் யார் நிரப்பினாரோ அவரே நிரப்ப வேண்டும். அன்று அம்மா, இன்று அப்பா என்றால் ஒப்பிட ஒன்றுமில்லை. எதுவும் செய்யாமலே இரண்டாவது தடவை ஓரிரு எண் இறங்குவது வழக்கம், ஏனென்றால் வீடுகள் தாளைத் தேடி வருவது சிரமம் உச்சத்தில் இருக்கும்போது. அதனால் 17 என்பது 15 ஆனதை வைத்து மகிழ வேண்டாம். பின்பக்கத்து எண் இறங்கியிருக்கிறதா, அம்மா தாளுக்கும் பாட்டி தாளுக்கும் நடுவே இருந்த 8 எண் இடைவெளி சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.